கொல்கத்தா: உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஊர்

கையில் காசு குறைவாக இருந்தாலும் பொழுது நிறைய இருந்தால் போதும் என்கிறது இந்த நகரம். ஆனால் இன்னும் எத்தனை நாளைக்கு?

தமிழ்நாட்டிலிருந்து கொல்கத்தாவுக்கு வருபவர்களிடம் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். காளிகாட், தட்சிணேசுவரம், ஆற்றுக்கு அக்கரையில் பேலூர் மடம், விக்டோரியா நினைவு மண்டபம், டாக்ஸியில் போகிறபோக்கில் ஹவுரா பாலம். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். மூன்றாம் நாள் கயாவுக்கோ டார்ஜிலிங்குக்கோ ரயில். ஊர் திரும்பியதும் 'ஒரே நெரிசல், ஒரே அழுக்கு, பார்க்க அப்படி ஒன்றுமில்லை' என்று ஒரு தீர்ப்பு.

தீர்ப்பில் பாதி உண்மை. நெரிசல் உண்டு, அழுக்கும் உண்டு. 1911 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரமாக இருந்த ஊரில் பார்க்கக் கட்டடங்களும் இல்லாமல் இல்லை. ஆனால் கொல்கத்தாவின் சுகம் பார்ப்பதில் இல்லை. இங்கே உட்கார வேண்டும். வங்காளிகள் இதற்கு 'அட்டா' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அரட்டை என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். வெட்டிப் பேச்சு என்றால் சண்டைக்கு வருவார்கள். கூடிப் பேசுவதற்கும் அப்படிக் கூடும் இடத்துக்கும் அதே சொல்தான். வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசலை ஒட்டி 'ரோவாக்' என்று ஒரு மேடை இருக்கும். பார்த்தவுடன் நமக்குத் திண்ணை ஞாபகம் வரும். நாம் திண்ணையை இடித்து கிரில் கதவு போட்டுவிட்டோம். இவர்களும் நிறையவே இடித்துவிட்டார்கள். என்றாலும் திண்ணையின் வேலையைச் செய்ய ஊர் முழுக்க வேறு இடங்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட, வாங்க, விளையாட, நாடகமும் பாட்டும் கேட்க எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் அந்த இடங்களைத்தான் சொல்ல வேண்டும். அவற்றில் சில ஆட்டம் கண்டிருப்பதால், கொஞ்சம் சீக்கிரமாகவே போய்வரச் சொல்ல வேண்டியும் இருக்கிறது.

முதலில் காலேஜ் தெரு. 1817ல் ஹிந்து கல்லூரியாகத் தொடங்கி இப்போது பல்கலைக்கழகமாகிவிட்ட பிரசிடென்சி, 1857ல் உருவான கல்கத்தா பல்கலைக்கழகம், சமஸ்கிருதக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அவற்றின் வெளிச்சுவர்களில் சாய்ந்துகொண்டு பலகையும் தகரமுமாய் நூற்றுக்கணக்கான புத்தகக் கடைகள். இந்த வட்டாரத்துக்கே 'பொய் பாடா' என்று பெயர். பயப்பட வேண்டாம், வங்காளியில் 'பொய்' என்றால் புத்தகம். என்ன வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் எழுந்திருப்பதில்லை. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவித் தருகிறார், மேலே இருப்பவை சரிவதில்லை. பெரும்பாலும் பாடப் புத்தகங்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும்தான். பழைய பொக்கிஷம் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் அரை நாளை ஒதுக்கிவைப்பது நல்லது. 2020 மே 20 அன்று அம்பன் புயல் தாக்கியபோது இந்தத் தெருவில் புத்தகங்கள் வெள்ளத்தில் மிதந்த படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். முன்பின் தெரியாத வாசகர்களெல்லாம் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கடைகள் மறுபடி திறந்தன.

அங்கேயே ஒரு சந்துக்குள் மாடியேறினால் காபி ஹவுஸ். 1876ல் தொடங்கிய ஆல்பர்ட் ஹாலில் 1942ல் காபி போர்டு இதைத் திறந்தது. உயர்ந்த கூரை, நீளக் கம்பிகளில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் பெரிய தாகூர் படம், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள். காபியைப் பற்றி எதிர்பார்ப்பு வேண்டாம். கும்பகோணத்து டிகிரி காபி குடித்து வளர்ந்த நாக்கு இதை மன்னிக்காது. 'இன்ஃப்யூஷன்' என்று ஒரு கறுப்புத் தண்ணீர் தருவார்கள்; அதற்கும் இங்கே பக்தர்கள் உண்டு. விஷயம் காபியில் இல்லை. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் பில்லைக் கொண்டுவந்து நீட்டுவதில்லை. பக்கத்து மேஜையில் சிறுபத்திரிகை ஒன்றின் அச்சுப்படி திருத்தப்படும். எதிர் மேஜையில் ஒரு காதல் முறிந்துகொண்டிருக்கும். மன்னா டே பாடிப் பிரபலமான ஒரு பாட்டே இங்கே கூடிய நண்பர்களைப் பற்றியதுதான்.

இந்த மேஜைகள் சும்மா கிடைத்துவிடவில்லை. 1950களின் கடைசியில் காபி ஹவுசை மூடுவதென்று முடிவானது. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர்களும் பல்கலைக்கழகத்தவரும் அரசுக்கு மனு எழுதினார்கள். கடைசியில் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கமே அதை எடுத்து நடத்தத் தொடங்கியது. இன்று வரை அப்படித்தான். ஒரு காபிக் கடையைக் காப்பாற்றப் பேராசிரியர்கள் மனுப் போட்டது இங்கே யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. கொல்கத்தாவில் இன்றும் மிச்சமிருக்கும் பல இடங்களின் பின்னால் இப்படி ஒரு மனுவோ மறியலோ இருக்கிறது. வாசகர் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், மேலே தேவைப்படும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தெருவோடு வேறு ஒரு பந்தமும் இருக்கிறது. வங்க நாவல்கள் நம்மூர் நூலகங்களின் அலமாரிகளை நிறைத்த காலம் ஒன்று உண்டு. தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதன'த்தை த.நா. குமாரஸ்வாமி தந்தார். 'பதேர் பாஞ்சாலி'யை ஆர். சண்முகசுந்தரம் தந்தார். அதீன் பந்த்யோபாத்யாயின் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யைத் தந்த சு. கிருஷ்ணமூர்த்தி இந்த நகரத்திலேயே வாழ்ந்தவர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட என் போன்றவர்களுக்கு இது யாத்திரைத் தலம் மாதிரி. பக்கத்து டேமர் சந்தில் சந்தீப் தத்தா என்பவர் 1978ல் தன் வீட்டிலேயே சிறுபத்திரிகைகளுக்கென்று ஒரு நூலகம் தொடங்கினார். கடையில் யாரும் மதிக்காத சின்னஞ்சிறு பத்திரிகைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார். 2023ல் அவர் காலமானார். நம் 'எழுத்து', 'கசடதபற' இதழ்களைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்த மனிதர் செய்த காரியத்தின் எடை புரியும்.

வெயிலில் அலைந்த தாகத்துக்கு காலேஜ் சதுக்கத்தின் பக்கத்தில் 'பாரமவுண்ட்'. 1918லிருந்து சர்பத் விற்கும் சின்னக் கடை. 'டாப் சர்பத்' என்ற இளநீர் சர்பத்தின் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தவர் வேதியியல் மேதை ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் என்று கடைக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். இளநீரை அப்படியே குடித்துப் பழகிய நமக்கு அதில் சர்க்கரை கலப்பது அபசாரமாகத் தோன்றலாம். ஒரு தம்ளர் குடித்துவிட்டு முடிவு செய்யலாம்.

பசிக்கு, பவானி தத்தா சந்தில் உள்ள ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல். வெறும் ஹிந்து ஹோட்டலாக இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு பெயரில் சுதந்திர பாரதத்தையும் சேர்த்துக்கொண்டது. இதுபோன்ற சாப்பாட்டுக் கடைகளுக்கு 'பைஸ் ஹோட்டல்' என்று பெயர். பைசாக் கணக்கில் சாப்பாடு போட்ட காலத்துப் பெயர். வேலை தேடியும் படிக்கவும் கிராமங்களிலிருந்து வந்து மெஸ்களில் தங்கியவர்களுக்காக உருவானவை. நியூ மார்க்கெட்டை அடுத்த ஜான் பஜாரில் சித்தேஸ்வரி ஆசிரமம், தெற்கே ராஷ்பிஹாரி அவென்யூவில் தருண் நிகேதன் என்று இன்னும் சில நடக்கின்றன. ஆசிரமம் என்ற பெயரைப் பார்த்துச் சைவச் சாப்பாடு என்று உள்ளே போய்விடக் கூடாது. மீன்தான் ராஜா. ரூயி, பார்ஷே, பாப்தா, சித்தல். பருவத்தில் 'இலிஷ்' என்கிற ஹில்சா. அன்றைக்குச் சந்தையில் வந்ததைப் பொறுத்துக் கரும்பலகையில் பட்டியல் மாறும். மத்தியானம் இருந்தது ராத்திரி இருக்காது.

இங்கே பில் போடும் விதம்தான் அழகு. சோறு, பருப்பு, மீன் என்று தனித்தனிக் கணக்கு. எலுமிச்சைத் துண்டுக்குத் தனி, சாப்பிடும் வாழை இலைக்கும் தனி. கேட்டால் கஞ்சத்தனம் போல இருக்கும். உண்மையில் இது ஏழையின் வசதிக்கு ஏற்பட்ட ஏற்பாடு. பத்துக் கறி வைத்து ஒரே விலை சொல்லும் 'மீல்ஸ்' இங்கே கிடையாது. சோறும் பருப்பும் போதும் என்பவன் சோற்றுக்கும் பருப்புக்கும் மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போகலாம். பக்கத்தில் பெரிய இறால் சாப்பிடுகிறவரின் அதே பெஞ்சில், அதே இலையில்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கடுகெண்ணெய் வாசனைக்கு மூக்கைப் பழக்கிக்கொண்டால் வங்காளச் சமையல் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. வாழைப்பூவில் 'மோச்சா', வாழைத்தண்டில் 'தோட்', பாகற்காய் சேர்த்த கசப்புக் கறியான 'ஷுக்தோ', கசகசா அரைத்துவிட்ட 'போஸ்தோ'. ஒரே எச்சரிக்கை: வாழைப்பூக் கறியில் சின்ன இறாலைத் தூவும் பழக்கம் சிலருக்கு உண்டு. கேட்டுவிட்டு இலையில் வாங்கவும்.

சாப்பாடு என்று ஆரம்பித்தால் இந்த ஊரில் நிறுத்துவது கஷ்டம். நாடிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856ல் வந்து மெட்டியாபுருஸில் குடியேறியபோது கூடவே பிரியாணியும் வந்தது. கொல்கத்தா பிரியாணியில் ஒரு முழு உருளைக்கிழங்கு இருக்கும். கறி வாங்கக் காசில்லாததால் சேர்த்தது என்பார்கள் சிலர்; அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கே புதுமையான ஆடம்பரம் என்பார்கள் வேறு சிலர். சண்டை எப்படியோ, உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் வாடிக்கையாளர் விடுவதில்லை. ஆபீஸ் பகுதியில் டேக்கர்ஸ் சந்து. நின்றபடியே கோழி 'ஸ்டூ'வும் வாட்டிய ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு குமாஸ்தாக்கள் ஃபைலுக்குத் திரும்புகிறார்கள். டிரெட்டி பஜாரில் விடிகாலையில் சீனக் குடும்பங்கள் தெருவில் விற்கும் ஆவியில் வெந்த கொழுக்கட்டைகளும் மீன்பந்து சூப்பும். எட்டு மணிக்குப் போனால் காலிப் பாத்திரங்களைத்தான் பார்க்கலாம். 1962 யுத்தத்துக்குப் பிறகு இங்கிருந்த சீனர்கள் கைதுக்கும் சந்தேகத்துக்கும் ஆளாகி, ஆயிரக்கணக்கில் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். அந்தக் காலைச் சந்தை வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிறது. விற்பவர்களிலும் சீனர்கள் குறைந்துவருகிறார்கள்.

இனிப்பில் எல்லோருக்கும் தெரிந்தது ரசகுல்லா. 1868ல் பாக்பஜாரில் நபின் சந்திர தாஸ் அதைச் செய்தார் என்பது வங்காளத்தின் வாதம். 2017ல் வங்காளத்து ரசகுல்லாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விட்டுக்கொடுக்காத ஒடிசா 2019ல் தன்னுடையதற்கும் வாங்கிக்கொண்டது. என் ஓட்டு ரசகுல்லாவுக்கு அல்ல, சந்தேஷுக்கு. ராம்துலால் சர்க்கார் தெருவில் 1844லிருந்து நடக்கும் கிரீஷ் சந்திர தே - நகுட் சந்திர நந்தி கடையில், குளிர்காலத்தில் 'நோலேன் குர்' என்னும் புது ஈச்ச வெல்லம் சேர்த்துச் செய்வதைத்தான் சாப்பிட வேண்டும். பார்க் தெருவில் 1927லிருந்து இருக்கும் 'ஃப்ளூரிஸ்' போன்ற கடைகளைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் எழுதுகின்றன. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பர்ஸ் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை வேறு மாதிரி இடங்களைத் தேடிப் போகிறது.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது எப்படி? அவசரமானால் மெட்ரோ. 1984ல் இந்தியாவிலேயே முதலில் ஓடியது இங்கேதான். 2024 மார்ச்சிலிருந்து ஹூக்ளி நதிக்கு அடியிலும் போகிறது. அவசரமில்லாதவர்களின் வாகனம் டிராம். குதிரை இழுத்த முதல் வண்டி 1873ல் ஓடியது. மின்சார டிராம் 1902ல் வந்தது. இதில் நாம் முந்திக்கொண்டவர்கள்: சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது. 1953ல் சென்னை தன் டிராமை நிறுத்திவிட்டது. அதே 1953ல், இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றியதற்காக கல்கத்தா கொந்தளித்தது. மறியல், தடியடி, துப்பாக்கிச் சூடு, கைது. கடைசியில் கட்டண உயர்வு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில், ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் மோதி கவிஞர் ஜீவனானந்த தாஸ் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். நவீன வங்கக் கவிதையில் தாகூருக்குப் பின் மிகப் பெரிய பெயர். அதனால் டிராம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் வண்டி அல்ல.

அந்த டிராமுக்குத்தான் இப்போது கண்டம். 2024 செப்டம்பரில் மாநில அரசு, எஸ்பிளனேடுக்கும் மைதானுக்கும் இடையிலான பாரம்பரியப் பாதை ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நெரிசலுக்குக் காரணம் டிராம் என்பது அரசுத் தரப்பு. விவகாரம் உயர் நீதிமன்றத்திலும் இருக்கிறது. டிராம் பிரியர்கள் தண்டவாளத்தின் மேல் தாரைக் கொட்டுவதை எதிர்த்துப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உல்லாசப் பயணிக்கு ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது டிராமைக் காப்பாற்றுவதாகாது என்பது என் கட்சியும். பூக்காரியும் பள்ளிப் பையனும் ஏறாத டிராமை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம்.

கடைவீதிக்கு வருவோம். எஸ்பிளனேடில் இறங்கினால் நியூ மார்க்கெட். பெயர்தான் புதுசு, திறந்தது 1874 ஜனவரி 1ம் தேதி. வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம். 1985 டிசம்பரில் ஒரு பகுதி தீயில் போனது. உள்ளே போனதும் கூடைக்காரர்கள் பின்தொடர்வார்கள். வேண்டாம் என்பதை ஒரே தடவை உறுதியாகச் சொன்னால் போதும். பூ, பாலாடைக்கட்டி, பித்தளை, பை, ஜரிகை எல்லாம் உண்டு. இவற்றுக்கு நடுவில் 1902ல் பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பம் தொடங்கிய 'நஹூம்ஸ்' ரொட்டிக் கடை. நகரத்தில் யூதர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். ஆனால் டிசம்பரில் அவர்கள் கடையின் கிறிஸ்துமஸ் கேக்குக்காக எல்லா மதத்தினரும் விடிகாலையிலிருந்து வரிசையில் நிற்கிறார்கள். பின்பக்கத்து 'நிஜாம்ஸ்' கடைதான் பரோட்டாவில் கபாப்பைச் சுற்றித் தரும் 'ரோல்' பிறந்த இடம் என்பது ஊர் ஒப்புக்கொண்ட விஷயம்.

பெண்கள் கேட்பது கடியாஹாட்டைத்தான். சாந்திப்பூர், புலியா தறிச் சேலைகள் பெரிய கடைகளில். நடைபாதையிலோ ரவிக்கைத் துணி, மண்ணில் செய்த நகை, குர்த்தி, கத்தரிக்கோல், மெத்தையுறை. நடைபாதையில் நடக்க முடிவதில்லை என்பது பழைய புகார், நியாயமான புகாரும்கூட. 1996 நவம்பரில் அன்றைய இடதுசாரி அரசு 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் ஒரே இரவில் நகரத்தின் முக்கியமான தெருக்களிலிருந்து நடைபாதைக் கடைகளை இடித்துத் தள்ளியது. உழைப்பாளிகளின் கட்சி என்று சொல்லிக்கொண்டவர்கள் செய்த காரியம் அது. கடைக்காரர்கள் சங்கமாகத் திரண்டார்கள். கொஞ்ச காலத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். அங்கே தொடங்கிய போராட்டத்துக்கு, 2014ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டத்திலும் பங்கு உண்டு. 2024 ஜூனில் வேறு கட்சியின் அரசு மறுபடி புல்டோசரை இறக்கி, எதிர்ப்பு வந்ததும் கணக்கெடுப்பு நடத்தலாம் என்று பின்வாங்கியது. கடியாஹாட்டில் பேரம் பேசும்போது இந்தக் கதை ஞாபகம் இருந்தால், கடைசி பத்து ரூபாய்க்காக மல்லுக்கட்டத் தோன்றாது. முதல் ஐம்பது ரூபாய்க்குத் தாராளமாக மல்லுக்கட்டலாம், அதை அவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

விளையாட்டு என்றால் மைதான். நகரத்தின் நடுவில் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் பரந்த பசும்புல் வெளி. ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் அரங்கம் இதன் ஓரத்தில்தான். ஆனால் கிரிக்கெட் இங்கே இரண்டாம் மனைவி. மரங்களுக்கு அடியில் கூடாரம் போட்ட கால்பந்துக் கழகங்கள்: 1889ல் மோகன் பகான், 1891ல் முகமதன் ஸ்போர்ட்டிங், 1920ல் ஈஸ்ட் பெங்கால். 1911 ஜூலை 29ல் மோகன் பகான் ஆட்டக்காரர்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கினார்கள். பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரனை வெறுங்கால் உதைத்த கதையை இன்றும் தாத்தாக்கள் நேரில் பார்த்த மாதிரி சொல்கிறார்கள்.

மேற்கு வங்காளத்துப் பூர்வகுடிகளுக்கு மோகன் பகான். பிரிவினையில் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால். முன்னது ஜெயித்தால் இறால் விலை ஏறும், பின்னது ஜெயித்தால் இலிஷ் விலை ஏறும் என்பது ஊர் வேடிக்கை. வேடிக்கை எப்போதும் வேடிக்கையாக இருந்ததில்லை. 1980 ஆகஸ்ட் 16ல் ஈடன் கார்டன்ஸில் இந்த இரு அணிகளின் ஆட்டத்தில் கலவரம் மூண்டு 16 ரசிகர்கள் நசுங்கி இறந்தார்கள். 1997 ஜூலையில் சால்ட் லேக் அரங்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. பாய்ச்சுங் பூட்டியாவுக்கு மூன்று கோல். 2020லிருந்து இரண்டும் இந்தியன் சூப்பர் லீக்குக்குள் போய்விட்டன, பெரிய பணமும் வந்துவிட்டது. பழைய பகை நீர்த்துவிட்டது என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் ஒரு இளம் பெண் டாக்டர் பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். ஊர் கொதித்துக்கொண்டிருக்க, ஆகஸ்ட் 18ம் தேதி நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் வந்தார்கள். பச்சை-மெரூனும் சிவப்பு-மஞ்சளும் கையோடு கை கோத்துக்கொண்டு அரங்கத்தின் வெளியே நியாயம் கேட்டார்கள். முகமதன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். தடியடியும் எல்லோருக்கும் சேர்த்தே விழுந்தது.

பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் கவலையில்லை. மழைக்காலத்தில் மைதானத்துக் கழகத் திடல்களில் கல்கத்தா லீக் ஆட்டங்கள் நடக்கும். சகதி, குடை, வேர்க்கடலை, நடுவரின் வம்சத்தைப் பற்றிய விமரிசனங்கள். வங்காளி தெரியாதவர்களுக்கும் புரியும்.

1976ல் தொடங்கிய புத்தகக் கண்காட்சியும் பல வருஷம் இந்த மைதானில்தான் நடந்தது. 1997ல் நடுவிலேயே தீப்பிடித்து அரங்குகள் சாம்பலாயின. சில நாட்களில் மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள். தீயால் முடியாததைப் புழுதி செய்தது. மைதானின் சுற்றுச்சூழல் கெடுகிறது என்ற வழக்கில் 2007ல் இடம் மாற வேண்டியதாயிற்று. ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போது சால்ட் லேக்கில், ஜனவரி - பிப்ரவரியில் நடக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்து, புத்தகத்துக்கு இணையாக மீன் வறுவலும் வாங்குகிறார்கள். இதில் தவறொன்றும் இல்லை.

மைதானின் தெற்கு ஓரத்தில் அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ரவீந்திர சதன், 1985ல் சத்யஜித் ரே திறந்துவைத்த நந்தன் திரையரங்கம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. சாயங்காலம் அகாடமியில் ஏதாவது ஒரு குழுவின் நாடகம் இருக்கும். பகலில் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர்கள் மாலையில் ஒப்பனை போட்டு ஆடுகிறார்கள். நாடகம் முடிந்து வெளியே மண் குவளைத் தேநீரோடு நடக்கும் விவாதத்துக்கு டிக்கெட் கிடையாது.

வடக்கே ஹாத்திபகானில் தொழில்முறை மேடைகளும் சினிமாக் கொட்டகைகளும் நெருங்கி நின்ற காலம் போய்விட்டது. 'மித்ரா' 2019ல் மூடப்பட்டது. 'ஸ்டார்' 1991ல் எரிந்து, புதுப்பிக்கப்பட்டு, சினிமா காட்டி உயிர் வைத்திருக்கிறது. இந்த ஸ்டாரின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 1883ல் பீடன் தெருவில் முதல் ஸ்டார் தியேட்டர் எழுந்ததற்குக் காரணம் பினோதினி தாசி என்ற நடிகை. அவருக்காகவே ஒரு செல்வந்தர் பணம் போட்டார். அரங்கத்துக்கு அவர் பெயரை வைப்பதாகச் சொன்ன சக கலைஞர்கள், கணிகையர் குலத்துப் பெண்ணின் பெயர் இருந்தால் கண்ணியமானவர்கள் வர மாட்டார்கள் என்று 'ஸ்டார்' என்று பதிவு செய்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு 'சைதன்ய லீலை'யில் சைதன்யராக நடித்த அதே பினோதினியை, பார்க்க வந்த ராமகிருஷ்ண பரமஹம்சர் ஆசீர்வதித்தார். தெரு அகலப்படுத்தியதில் அந்தக் கட்டடம் போய்விட்டது. ஹாத்திபகானில் இருப்பது இரண்டாவது. 2024 டிசம்பரின் கடைசியில் அதற்கு பினோதினியின் பெயரைச் சூட்டுவதாக முதல்வர் அறிவித்தார். 141 வருஷம்.

தென் கொல்கத்தாவில் நம்மவர்களின் இடம் லேக் மார்க்கெட். மத்திய அரசு அலுவலகங்களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் சுருக்கெழுத்தும் கணக்கும் தெரிந்த தமிழர்கள் வந்து சேர்ந்த காலத்தில் உருவானது. கறிவேப்பிலை, காபிப்பொடி, மல்லிகைச் சரம், வாழை இலை, பஞ்சாங்கம்; இட்லிக் கடைகளில் மட்டும் இப்போது பெரும்பாலான நாற்காலிகளில் வங்காளிகள். அடுத்த தலைமுறை பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டது. பழைய சந்தைக் கட்டடத்தின் இடத்தில் வணிக வளாகம் வந்துவிட்டது. என்றாலும் மார்கழியில் இந்தப் பக்கம் நடந்தால் இன்றும் சில வாசல்களில் கோலம் தெரிகிறது.

இதற்குப் பெயர் தந்த ஏரி பக்கத்தில்தான். 1920களில் வெட்டியது, 1958லிருந்து ரவீந்திர சரோபர். காலையில் படகோட்டும் கழகத்துப் பிள்ளைகளும் சிரிப்புப் பயிற்சி செய்யும் ஓய்வூதியக்காரர்களும். மாலையில் விவேகானந்தா பூங்காவை ஒட்டி 'புச்கா' விற்பவர்கள். பானிபூரிதானே என்று சொல்லிவிடக் கூடாது. புளித்தண்ணீரின் காரத்தில் வித்தியாசம் தெரியும். ஏரியின் ஓரத்திலேயே நஜ்ருல் மஞ்சம். 1952ல் தொடங்கிய டோவர் லேன் சங்கீத மாநாடு ஜனவரியில் நான்கு இரவுகள் இங்கே நடக்கிறது. நம் டிசம்பர் சீசனைப் போல இரண்டரை மணி நேரக் கச்சேரி அல்ல. ராத்திரி தொடங்கினால் விடியும்வரை. சால்வையும் ஃபிளாஸ்கும் மங்கிக் குல்லாயும் சகிதமாக வருகிறார்கள். நடுவில் தூங்கிவிடுவதும் உண்டு, யாரும் தட்டி எழுப்புவதில்லை.

எப்போது போகலாம்? 2021 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த துர்கா பூஜையைப் பார்க்க வேண்டுமானால் புரட்டாசி - ஐப்பசி. ஆனால் அந்த ஐந்து நாள் மட்டும் இந்த ஊர் உட்காராது. பந்தல் பந்தலாக விடிய விடிய நடக்கும். காபி ஹவுஸ் மேஜைக்காகப் போகிறவர்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. வெயில் இருக்காது, நஹூம்ஸில் கேக், சால்ட் லேக்கில் புத்தகம், டோவர் லேனில் பாட்டு எல்லாம் ஒன்றையடுத்து ஒன்று வரும். மார்ச் வந்துவிட்டால் புது ஈச்ச வெல்லச் சந்தேஷ் கிடைக்காது.